குறியீடும் உரையும்: ஏ.பி.எல். மொழியும் அதன் கட்டற்ற வரிமொழிமாற்றியும் – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

பேச்சே மொழியின் முதல் வடிவம். எழுத்து அதன் வழிவந்தது என்பது மொழியியலார் பெரும்பான்மையோர் கொள்கை. ஆயின் ஒலிவடிவம் பெறாமல் வரிவடிவமாகவே பிறந்து வழங்கும் குறியீட்டு மொழிகளும் உள. கணிதக் குறியீடு அவற்றுள் தொன்மையானது. அதன் வழித்தோன்றலாக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான ஏ.பி.எல். என்னும் நிரல்மொழி, சொற்களை அறவே விலக்கிக் குறிகளாலேயே செயல்களை உணர்த்துவது. ஏனைய நிரல்மொழிகள் ஆங்கிலச் சொற்களை இரவல் பெற்று வினையை உணர்த்த, இம்மொழி ஒரு செயலுக்கு ஒரு குறி என்னும் நெறியை மேற்கொண்டது. எனவே இது கணினித் துறையினர்க்கு மட்டுமன்றி, எழுத்து, குறி, பொருள் ஆகியவற்றின் தொடர்பை ஆராயும் மொழியியலார்க்கும் ஏற்ற ஆய்வுப் பொருளாகும்.

குறியீடு எத்துணைச் செம்மையாக அமைந்தாலும் அதனைப் படித்துப் பொருள்கண்டு செயற்படுத்தும் வரிமொழிமாற்றி இல்லையெனில் அது ஏட்டளவில் நின்றுவிடும். மூலநூலுக்கு உரை எவ்வாறோ, நிரல்மொழிக்கு வரிமொழிமாற்றி அவ்வாறு எனலாம். ஏ.பி.எல். மொழிக்குக் கட்டற்ற உரிமத்தின்கீழ் அமைந்த குனு ஏ.பி.எல். என்னும் வரிமொழிமாற்றியை முன்னிறுத்தி, அம்மொழியின் சிறப்புகளையும் குறைகளையும், அவ்வுரையைத் திருத்தி வளர்ப்பதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. மொழியின் தோற்றமும் அதன் கொள்கையும்

கனடா நாட்டவரான கென்னத் ஐவர்சன் (1920–2004) ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய காலத்தில், கணக்கீட்டு முறைகளை மாணவர்க்கு விளக்கும்பொருட்டு ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1962இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே பின்னர் அம்மொழிக்குப் பெயராயிற்று. தொடக்கத்தில் அது கரும்பலகையிலும் தாளிலும் எழுதப் பயன்பட்ட குறியீடே ஆகும். 1964இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினியின் அமைப்பினை முறைப்படி விவரிப்பதற்கு ஐவர்சனும் ஏடின் பால்காஃபும் பிறரும் இக்குறியீட்டைக் கையாண்டனர். 1966இல் ஏ.பி.எல்.\360 என்னும் செயலாக்கம் உருப்பெற்ற பின்னரே குறியீடு இயங்கும் மொழியாயிற்று. எழுதப்பட்ட பின் இயக்கப்பட்ட மொழி என்னும் இவ்வரலாறு, அதன் இயல்பை அறிவதற்கு இன்றியமையாதது.

1979இல் தமக்கு அளிக்கப்பெற்ற டூரிங் பரிசினை ஏற்று ஐவர்சன் ஆற்றிய உரை, குறியீடு சிந்தனைக்குக் கருவியாகும் என்பதை நிறுவ முயன்றது. நல்ல குறியீட்டிற்கு அவர் வகுத்த இலக்கணங்கள் ஐந்து: சிக்கல்களில் தோன்றும் கருத்துகளை எளிதில் வெளியிடுதல், ஒன்றிலிருந்து மற்றொன்றைத் தோற்றுவித்தல், நுணுக்கங்களை உள்ளடக்குதல், சிக்கனம், முறைசார்ந்த நிறுவலுக்கு இடந்தருதல் என்பன. நூலின் அழகுகளாகச் சுருங்கச் சொல்லுதலையும் விளங்க வைத்தலையும் நன்னூலார் அடுத்தடுத்து வைத்திருப்பது தமிழ் மாணவர் அறிந்தது. சுருக்கம் ஒன்றே அழகாகாது. விளக்கத்தோடு கூடிய சுருக்கமே அழகாகும் என்பது அவ்வைப்பு முறையால் பெறப்படும். ஏ.பி.எல். மொழியைச் சீர்தூக்குதற்கும் இதுவே ஏற்ற அளவுகோலாகத் தோன்றுகிறது.

3. சுருக்கமும் விளக்கமும் இயையும் இடங்கள்

ஒன்று முதல் நூறு வரையுள்ள எண்களின் கூட்டுத்தொகையைக் காண இம்மொழியில் எழுதவேண்டுவது +/⍳100 என்பதே. ⍳ என்பது ஒன்று முதலாக எண்களை வரிசையாகத் தரும். +/ என்பது அவற்றிடையே கூட்டற்குறியை நிரப்பும். விடை 5050. இதில் மடக்குத்தொடர் இல்லை. எண்ணிக்கை மாறி இல்லை. செய்முறை மறைந்து செய்பொருள் மட்டும் நிற்கிறது.

இத்தொடரின் சிறப்பு அதன் குறுமையில் மட்டும் இல்லை. ⌽ என்பது வரிசையைத் திருப்பும் குறி. (⍳5)+⌽⍳5 என எழுதினால் விடை 6 6 6 6 6 என வரும். ஐந்து ஆறுகள் முப்பது. அதிற் பாதி பதினைந்து. எண்களின் கூட்டுத்தொகைக்குரிய பொதுவிதி இவ்வாறு கண்முன்னே தோன்றுகிறது. விடையைக் கூறும் தொடரே விடைக்கான காரணத்தையும் நிறுவ உதவுகிறது. ஐவர்சன் தம் உரையில் இவ்வகை நிறுவலை எடுத்துக்காட்டியமை நோக்கத்தக்கது.

குறிகளின் வடிவமும் கருதத்தக்கது. வட்டத்தின்மேல் நெடுங்கோடு இட்டால் ⌽. அது இடவலமாகத் திருப்பும். கிடைக்கோடு இட்டால் ⊖. அது மேல்கீழாகத் திருப்பும். சாய்கோடு இட்டால் ⍉. அது நிரையை நிரலாக்கும். கோடு கண்ணாடியாக நின்று திருப்பத்தின் அச்சினைக் காட்டுகிறது. இடுகுறி போலத் தோன்றுபவை உண்மையில் காரணக்குறிகளாக அமைந்துள்ளன.

வட்டக்குறியின் இருபக்கப் பயன்பாடு முதற்பார்வையில் இதற்கு மாறானதாகத் தோன்றும். 1○ என்பது சைன், 2○ என்பது கொசைன், 3○ என்பது டேஞ்சண்ட் என எண்களால் சார்புகளைக் குறிப்பது மனப்பாடத்திற்குரிய சுமை என்றே எவரும் கருதுவர். ஆயின் கணிதத்தில் ஒற்றைச் சார்பு எனப்படுபவை ஒற்றை எண்ணையும், இரட்டைச் சார்பு எனப்படுபவை இரட்டை எண்ணையும் பெற்றுள்ளமை ஊன்றி நோக்குவார்க்குப் புலனாகும். எண்ணைக் குறைஎண்ணாக்கினால் எதிர்மாறுச் சார்பு கிடைக்கும். இது நுட்பமானதே. எனினும் கற்றபின் வியக்கவைக்கும் ஒழுங்கு வேறு. கற்கும்போதே வழிகாட்டும் ஒழுங்கு வேறு. திருப்பக் குறிகளிடம் உள்ள வழிகாட்டும் ஆற்றல் இவ்வெண்முறையிடம் இல்லை.

ஐவர்சனின் குறிகளுள் சில நிரல்மொழியின் எல்லையைக் கடந்தும் வாழ்கின்றன. எண்ணைக் கீழ்நோக்கியும் மேல்நோக்கியும் முழுமையாக்கும் ⌊ ⌈ என்னும் குறிகள் அவரது 1962ஆம் ஆண்டு நூலிலிருந்தே பொதுக் கணித வழக்கிற்குச் சென்றன. சி++ மொழியின் நூலகத்தில் வரிசையெண்களை நிரப்பும் செயலுக்கு ஐயோட்டா எனப் பெயர் அமைந்ததும் இம்மொழியின் கொடையே.

4. இயையாத இடங்கள்

ஏ.பி.எல். மொழியில் செயற்குறிகளுக்கிடையே முன்னுரிமை இல்லை. வலமிருந்து இடமாகப் பொருள்கொள்ள வேண்டும். எனவே 3×4+5 என்பதன் விடை 17 அன்று, 27 ஆகும். பள்ளிக் கணிதத்தில் பயின்றோர்க்கு இது இடர்ப்பாடு தருவதே. ஆயினும் குறிகள் பலவாய்ப் பெருகியவிடத்து அவற்றின் முன்னுரிமைப் பட்டியலை நினைவிற் கொள்ளுதல் அரிதாகலின் ஒரே விதியை வகுத்தது பொருந்தும். அவ்விதியின் பயனாக -/1 2 3 4 என்னும் தொடர் ஒன்றுவிட்டு ஒன்று கூட்டியும் கழித்தும் ¯2 எனும் விடையைத் தருகிறது. குறைஎண்ணின் குறி கழித்தற்குறியினின்றும் வேறாக உயர்த்தி எழுதப்படுவதும் தெளிவு கருதியதே ஆகும்.

இதனினும் கடுமையான குறை வேறொன்று உளது. ம என்னும் பெயரில் மாணவன் ஒருவனின் மதிப்பெண்கள் 40 55 70 என உள்ளனவாகக் கொள்வோம். சராசரியைக் காண (+/ம)÷⍴ம என எழுதுவது பாடநூல்கள் பலவும் காட்டும் வழி. ⍴ என்பது ஒரு பொருளின் வடிவத்தைத் தருவது. விடை 55; பிழையில்லை. இனி, ம என்பது இரு மாணவர்க்குரிய இரண்டு நிரைகள் கொண்ட அட்டவணை ஆகட்டும்: முதல்வனுக்கு 40 55 70, இரண்டாமவனுக்கு 60 60 60. +/ம என்பது நிரைதோறும் கூட்டி 165 180 என்பதைத் தரும். ⍴ம என்பதோ 2 3 என நிரையின் தொகையையும் நிரலின் தொகையையும் தரும். ஒன்றை மற்றொன்றால் வகுக்க 82.5 60 என்னும் விடை வரும். இரண்டாமவனின் சராசரி தற்செயலாகச் சரியாகிறது. முதல்வனின் சராசரி அவன் பெற்ற மதிப்பெண் எதனினும் மிகுந்துவிடுகிறது. வரிமொழிமாற்றி எவ்வித எச்சரிக்கையும் செய்வதில்லை. மாணவர் நால்வராயின் நீளம் பொருந்தாமை பற்றிய பிழைச்செய்தி வரும். இருவராயின் பொய்விடை வரும்.

இது எழுதியோன் பிழையே அன்றி மொழியின் பிழை அன்று எனச் சிலர் கூறுவர். இக்கூற்று முழுவதும் ஏற்கத்தக்கதன்று. நீளத்தையும் வடிவத்தையும் ஒரே குறியால் உணர்த்தியதன் விளைவே இது. பிற்கால ஏ.பி.எல். வழக்குகள் சில எண்ணிக்கைக்கு ≢ எனத் தனிக்குறி வகுத்தமை இக்குறையை அத்துறையினரே உணர்ந்தமையைக் காட்டும். அதுபோன்றே ⍳3 என்பது 1 2 3 எனவும் 0 1 2 எனவும் இருவகையாகப் பொருள்படும். எண்ணுமுதல் எது என்னும் அமைப்பினை அது சார்ந்தது. தொடரில் காணப்படாத ஒன்று தொடரின் பொருளை மாற்றுமாயின் விளங்க வைத்தல் என்னும் அழகு அங்குக் குன்றிவிடுகிறது.

டச்சு அறிஞர் எட்சர் டைக்ஸ்ட்ரா 1975இல் இம்மொழியைக் கடுமையாகக் கண்டித்தார். நிறைவாக்கப்பட்ட பிழை என்பது அவர்தம் கருத்தின் சாரம். மேற்காட்டிய திருப்பக் குறிகளையும் நிறுவல் முறையையும் நோக்க, அக்கண்டனம் மிகையானது என்பது தெளிவு. ஆயின் இருநிரை அட்டவணையின் சான்றினை நோக்க, அதனை முற்றும் புறந்தள்ளுதலும் இயலாது.

5. எழுத்துச் சிக்கலும் வழிநூலும்

இம்மொழியின் பரவலுக்குத் தடையாக நின்றது அதன் எழுத்தே. 1960களில் ஐ.பி.எம். 2741 முனையத்தின் அச்சுருண்டையில் இடம்பெறத்தக்க குறிகள் 88 மட்டுமே. எனவே ஒரு குறியை அடித்துப் பின்னகர்ந்து அதன்மேல் மற்றொன்றை அடித்துப் புதுக்குறிகள் பெறப்பட்டன. தமிழ்த் தட்டச்சுப் பொறியில் நகரா விசையால் புள்ளியிட்டு, பின் மெய்யுரு அடித்த முறையைப் பழகியோர்க்கு இந்நெறி புதிதாகத் தோன்றாது. எழுத்துக்களின் தொகை பொறியின் தொகையை மிஞ்சும்போது பொறியை வளைப்பதா, எழுத்தைக் குறைப்பதா என்னும் வினா இரண்டிற்கும் பொதுவாயிற்று.

கணினித் திரைகள் வந்தபின் மேலச்சு முறை மறைந்தது. தனி எழுத்துரு, தனி விசைப்பலகை என்னும் தேவை தோன்றியது. இந்நிலையில் ஐவர்சனே எழுத்தைக் குறைக்கும் வழியைத் தெரிந்தார். 1989இல் ஆர்தர் விட்னி ஒரே பக்க அளவில் எழுதிக்காட்டிய வரிமொழிமாற்றித் துணுக்கினைத் தூண்டுகோலாகக் கொண்டு ரோஜர் ஹூய் மேற்கொண்ட பணியின் பயனாக, 1990இல் ஜே என்னும் மொழி வெளிப்பட்டது. அது பொது விசைப்பலகையின் குறிகளுடன் புள்ளியும் முக்காற்புள்ளியும் சேர்த்துச் செயல்களை உணர்த்தியது. ⌊ என்பது அங்கு <. என ஆயிற்று. முதல்நூலின் பொருளைப் பெரும்பாலும் தழுவிச் சில இடங்களில் வேறுபட்டுச் செல்வது வழிநூல் ஆகலின், ஜே மொழியை ஏ.பி.எல். மொழியின் வழிநூல் எனலாம். ஈண்டு முதனூலாசிரியரே வழிநூலாசிரியராகவும் அமைந்தார்.

இம்மாற்றத்தால் ஜே மொழி எங்கும் எழுதத்தக்கதாயிற்று. கொள்கையளவில் மேலும் ஒழுங்கும் பெற்றது. ஆயின் கண்ணாடிக் கோட்டின் வடிவநுட்பம் இழக்கப்பட்டது. காலம் பின்னர் வேறுவகையில் சென்றது. ஒருங்குறியில் ஏ.பி.எல். செயற்குறி எனப் பெயர் பெற்றவை மட்டும் 70 உள. எழுத்துருதோறும் வேறுபட்ட குறியேற்றத்தால் ஒருவர் எழுதியது மற்றவர் திரையில் சிதைந்து தோன்றிய நிலையைத் தமிழும் ஏ.பி.எல். மொழியும் கடந்தது ஒருங்குறியாலேயே ஆகும். எழுத்தைக் குறைப்பதற்குக் கூறப்பட்ட காரணம் இவ்வாறு வலுவிழந்தது. பொறியின் குறையை எழுத்தின் குறையாகக் கருதி விரைந்து திருத்தம் செய்தல் எத்துணை எச்சரிக்கைக்குரியது என்பதற்கு இவ்வரலாறு சான்றாகும்.

6. குனு ஏ.பி.எல். என்னும் உரை

ஏ.பி.எல். மொழிக்கு 1989இல் ஐ.எஸ்.ஓ. 8485 என்னும் உலகத்தரமும், 2001இல் விரிவாக்கப்பட்ட 13751 என்னும் தரமும் வகுக்கப்பட்டன. இப்பிற்றரத்தைச் செயற்படுத்தும் நோக்குடன் யூர்கன் சௌவர்மன் சி++ மொழியில் எழுதியதே குனு ஏ.பி.எல். ஆகும். குனு பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பின்கீழ் அது வழங்கப்படுகிறது. இயக்குதல், பயின்று மாற்றுதல், படியெடுத்து வழங்குதல், மாற்றியதை வழங்குதல் என்னும் நால்வகை உரிமையும் பயில்வோர்க்கு உண்டு.

2012இல் கணினி வரலாற்று அருங்காட்சியகம் ஏ.பி.எல்.\360 மூலநிரலை வணிகமல்லாப் பயன்பாட்டிற்கென வெளியிட்டது. அது போற்றத்தக்க செயலே. எனினும் காண்பதற்குத் திறந்து வைத்தலும், மாற்றுவதற்குக் கையளித்தலும் ஒன்றாகா. முன்னது காப்பகப் பணி. பின்னது வழக்கினைத் தொடரச் செய்யும் பணி. மூடிய உரையை மட்டுமே நம்பிய மொழி, உரைக்கு உரியோர் கைவிடும் நாளில் வழக்கொழியும். அம்மொழியில் எழுதப்பட்ட நிரல்களும் படிப்பார் இன்றி வரிவடிவமாக எஞ்சும். எனவே கட்டற்ற வரிமொழிமாற்றி என்பது விலையின்மை பற்றிய செய்தி மட்டுமன்று; மொழியின் உயிர்ப்பு பற்றிய செய்தியாகும்.

குனு ஏ.பி.எல். நிறுவப்பெற்றுத் தொடங்கியவுடன் பழைய மரபின்படி ஆறு வெற்றிடம் விட்டு ஆணையை எதிர்நோக்கும். பயில்வோன் எழுதுவது உள்ளடங்கியும், கணினியின் விடை இடஓரத்திலும் அமைவதால் வினாவும் விடையும் வேறுபடுத்தி அறியப்படுகின்றன. விசைப்பலகையின் அமைப்பைத் திரையிற் காட்டும் கட்டளையும் உண்டு. பணிவெளியைச் சேமிப்பதற்கு உரிய பழைய கட்டளையோடு, அதனை எளிய உரைக்கோப்பாக வெளியிடும் டம்ப் என்னும் கட்டளையையும் இது கொண்டுள்ளது. இப்பின்னது சிறுவசதி போலத் தோன்றினும் பெரும்பயன் உடையது. பணிவெளி என்பது ஒருவர் கணினிக்குள் அடங்கிய நிலை. உரைக்கோப்போ பிறரால் படிக்கவும் ஒப்பிடவும் திருத்தவும் படும் நூல்.

7. திருத்தமும் அதன் எல்லையும்

இனி, இவ்வுரையைத் திருத்தி வளர்த்தல் என்பது யாது? அதனை மூவகைப்படுத்தலாம். தரத்தோடு முரண்படும் இடங்களைக் களைதல் முதல்வகை. இதன்பொருட்டு மூலநிரலுடன் சோதனைக் கோப்புகளும் சேர்த்து வழங்கப்படுகின்றன. ஒரு பிழையைக் கண்டவர் அதனை வெளிப்படுத்தும் சிறுதொடரை எழுதித் தருவாராயின், அது சோதனையாக நிலைபெற்று அப்பிழை மீண்டும் புகாமற் காக்கும். சி++ அறியாத பயிற்சியாளரும் இப்பணியில் பங்குபெறலாம் என்பது கருதத்தக்கது.

தரம் கூறாதவற்றைச் சேர்த்தல் இரண்டாம் வகை. ⍺, ⍵ என்னும் குறிகளை இடவலப் பொருள்களாகக் கொண்டு பெயரின்றிச் செயல்களை வகுத்தல், கோப்புகளையும் தரவுத்தளங்களையும் கையாளுதல், பிறமொழியில் எழுதிய செயல்களை இணைத்தல் முதலியன குனு ஏ.பி.எல். மொழியில் இடம்பெற்றுள்ளன. இவை இன்றியமையாதன. எனினும் சேர்க்கைதோறும் தரத்தினின்று விலகல் மிகும். ஓர் உரையில் இயங்கும் நிரல் மற்றோர் உரையில் இயங்காது போகும். உரையாசிரியர் தம் காலத்து வழக்கினை மூலத்தின் கருத்தாகக் காட்டும் இடங்களைப் பிரித்தறிதல் போல, இவற்றையும் பிரித்தறியுமாறு குறித்துவைத்தல் வேண்டும்.

பிழைச்செய்திகளை விளக்குதல் மூன்றாம் வகை. நீளப் பிழை, வடிவப் பிழை, களப் பிழை என இரு சொல்லில் கூறி, பிழை நேர்ந்த இடத்தைச் சுட்டி நிறுத்துவது ஏ.பி.எல். மரபு. இதற்கு மேலும் விளக்கம் பெற மோர் என்னும் கட்டளையைக் குனு ஏ.பி.எல். அளிக்கிறது. எல்லாப் பிழைகட்கும் அவ்விளக்கம் எழுதப்படின், தொடக்கநிலை மாணவர் பெறும் பயன் வேறெந்தத் திருத்தத்தினும் மிகும் என்பது இக்கட்டுரையாளர் கருத்து. மூலம் சுருங்கியிருக்க வேண்டுவது அழகு. உரையும் சுருங்கியிருப்பின் அது குற்றம்.

ஆயின் மேற்காட்டிய இருநிரை அட்டவணைச் சிக்கலை இம்மூவகையுள் எதனாலும் தீர்த்தல் இயலாது. அத்தொடர் தரத்தின்படி குற்றமற்றது. அதனைப் பிழையெனக் கூறும் வரிமொழிமாற்றி உரையாகாது, வேறு நூலாகிவிடும். எண்ணுமுதலை ஒன்றாகவோ சுழியாகவோ நிலைப்படுத்தினாலும் முன்னைய நிரல்களுள் ஒருசாரன பொருள் திரியும். மூலபாடத்தைத் திருத்தும் உரிமை உரையாசிரியர்க்கு இல்லை. அதனை விரும்புவோர் வழிநூல் செய்தல் வேண்டும். ஜே மொழி அவ்வாறே செய்தது. அம்மொழியின் மூலநிரலும் 2011இல் குனு பொது உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டமையால், உரைவழியும் வழிநூல்வழியும் இன்று ஒருங்கே திறந்துள்ளன.

8. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். ஏ.பி.எல். குறிகளுள் வடிவத்தாலும் ஒழுங்காலும் வழிகாட்டுவன சிறந்தன; ஒரே குறி பல பொருளை மறைத்துச் சுமப்பவை சுருக்கத்தின்பொருட்டு விளக்கத்தை இழந்தன. எழுத்துச் சிக்கல் பொறியின் சிக்கலாகவே இருந்து ஒருங்குறியால் பெரிதும் நீங்கிற்று. கட்டற்ற வரிமொழிமாற்றி மொழியின் வாழ்நாளை நீட்டிக்கிறது. ஆயின் மொழியின் உள்ளார்ந்த குறைகளை அது நீக்கவல்லதன்று, நீக்கவும் கூடாது.

உரிமை திறந்திருத்தல் மட்டும் போதாது என்பதும் ஈண்டுக் கருதற்குரியது. குனு ஏ.பி.எல். மூலநிரலின் பெரும்பகுதி ஒருவர் உழைப்பால் அமைந்தது. அதனைப் படிப்போர் பெருகாவிடின் திறந்த கதவின் வழியே எவரும் புகாத நிலை நேரும். நிரலை இயக்குவதோடு அமையாது, அதன் உரையைப் படித்துச் சோதனைத் தொடர்களையும் பிழை விளக்கங்களையும் எழுதும் பயிற்சியைக் கணினி மொழியியல் பாடத்திட்டங்கள் மேற்கொள்ளுமாயின், குறியீட்டைச் சிந்தனைக் கருவியாகக் கண்ட ஐவர்சனின் கொள்கை மாணவர் கையில் மெய்ப்படும்.